மூளை அதிர்ச்சியும் பள்ளிப் படிப்பும்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. மிதிவண்டியிலிருந்து கீழே விழுந்த பையன் எழுந்து, சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினால், பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் இப்பழமொழியைச் சொல்லி ஆறுதல் அடைவார்கள். இரத்தம் இல்லை, எலும்பு முறியவில்லை, நினைவும் தப்பவில்லை. ஆகவே வந்த ஆபத்து போய்விட்டது என்பது அவர்கள் முடிவு. பெரும்பாலும் அம்முடிவு சரியாகவே இருக்கும். ஆனால் சில சமயங்களில் வந்தது போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. மறுநாள் கணக்குப் பாடத்தின் நடுவே அது தன்னைக் காட்டிக்கொள்ளுகிறது.

இந்நிலையை மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்று அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் கன்கஷன் என்று பெயர். அடிபட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழி நமக்கு ஓரளவு தெரியும். அங்கிருந்து அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரும் வழியைப் பற்றித்தான் நாம் அதிகமாகச் சிந்தித்ததில்லை. இன்று அதைப்பற்றிப் பேசுகிறேன். பெற்றோரிடமோ மருத்துவரிடமோ பேசாமல் மாணவர்களாகிய உங்களிடம் இதைப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்த நோய்க்குரிய சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை. வகுப்பில், உங்கள் பக்கத்துப் பெஞ்சில் நடக்கிறது. நான் நெடுங்காலம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். அந்தப் பெஞ்சைப் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் தலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். மூளை கெட்டியான பொருள் அன்று. நன்றாகத் தோய்ந்த தயிரைப் போல் மென்மையானது. மண்டையோட்டுக்குள் தெளிந்த ஒரு நீர் சூழ அது அமைந்திருக்கிறது. அன்றாட ஓட்டத்துக்கும் குதித்தலுக்கும் அந்த நீரே போதிய காப்பு. ஆனால் பலத்த அடி விழும்போது, அல்லது உடம்பில் பட்ட மோதலால் தலை வெடுக்கென்று ஆடும்போது, மூளையும் உள்ளே ஆடுகிறது. சற்று முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அப்பொழுது நரம்பணுக்களும் அவற்றின் நீண்ட இழைகளும் இழுபடுகின்றன. அவை அறுந்து போவதில்லை. ஆனால் அவற்றின் மெல்லிய சுவர்கள் சிறிது நேரம் கட்டுக்குலைந்து விடுகின்றன. உள்ளே இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. வெளியே இருக்கவேண்டிய சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன.

இவற்றை மீண்டும் அவற்றின் இடத்தில் சேர்ப்பதற்காக அணுச் சுவர்களில் உள்ள நுண்ணிய இறைப்பான்கள் ஓயாமல் உழைக்கின்றன. உழைப்புக்குச் சர்க்கரை வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் மூளை உடல் எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளுகிறது. இவ்வளவு செலவாளியான உறுப்புக்கு மேலும் செலவு வந்து சேரும் இந்நேரத்தில், வேண்டாத விருந்தாளி போல் இன்னொரு தொல்லையும் வருகிறது. மூளைக்குப் பாயும் இரத்தம் வழக்கத்தைவிடக் குறைகிறது. கோடைக் காலத்து மாலையில் மின்னழுத்தம் குறைந்திருக்கும் வேளையாகப் பார்த்துத் தெருவிலுள்ள எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் எப்படியிருக்கும்? விளக்குகள் மங்கும், விசிறிகள் தள்ளாடும். கம்பி எங்கும் அறுந்திருக்காது. மின் ஊழியர் வந்து கம்பத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சி.டி. ஸ்கேன் என்ற படத்தின் நிலையும் அந்த மின் ஊழியரின் நிலையே. மண்டையோடு விரிந்திருந்தாலோ உள்ளே இரத்தம் கசிந்திருந்தாலோ அது காட்டிக் கொடுக்கும். அதற்காகவே அதை எடுக்கிறார்கள். அணுக்களின் ஆற்றல் பற்றாக்குறை அதில் தெரியாது. “படத்தில் ஒன்றும் இல்லை” என்று மருத்துவர் சொல்லுவது ஒரு நல்ல செய்தி. உயிருக்கு ஆபத்தான ஒன்று இல்லை என்ற செய்தி. அடுத்த திங்கட்கிழமை இயற்பியல் தேர்வு எழுதலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் பல வீடுகளில் தொல்லை தொடங்குகிறது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்ற எண்ணமும் தவறானதே. இவ்வதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதேயில்லை.

ஒரு சொல் எச்சரிக்கை. அடிபட்டவனுக்குத் தலைவலி வரவர மிகுந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், பேச்சுக் குழறினாலும், கையோ காலோ தளர்ந்தாலும், வலிப்பு வந்தாலும், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலும், எழுப்பினால் எழாத மயக்கம் கண்டாலும், ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும். அவற்றை நான் இன்று பேசும் அதிர்ச்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மற்றபடி, அடிபட்டவனைத் தூங்கவே விடக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளையை இரவெல்லாம் உலுக்கிக்கொண்டிருப்பார்கள். மருத்துவர் பார்த்து அபாயம் இல்லை என்று சொன்ன பிறகு அது தேவையில்லை. உறக்கம் அவனுக்கு நல்லது.

இனி, ஓய்வைப் பற்றிப் பார்ப்போம். அடிபட்ட மூளைக்கு ஓய்வு வேண்டும் என்பது எவருக்கும் தோன்றக்கூடியதே. அந்த எண்ணத்தை மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் மிகவும் நீட்டிக்கொண்டு போயிற்று. விளக்கை அணைத்த அறை, புத்தகம் கூடாது, தொலைக்காட்சி கூடாது, நண்பர் வரக்கூடாது, எல்லா அறிகுறிகளும் அடியோடு நீங்கும் வரையில் படுக்கையே கதி. கேட்பதற்கு இது மிகவும் பொறுப்பான வைத்தியம் போல் தோன்றுகிறது. ஆனால் விஞ்ஞானத்தில், தோன்றுவது ஒன்று, சோதித்து அறிவது வேறு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதைச் சோதித்தார்கள். 11 வயது முதல் 22 வயது வரையிலான இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு விதித்தார்கள். மற்றப் பிரிவுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு சிறிது சிறிதாக வழக்கமான வாழ்க்கை. சோதனையை முழுதும் முடித்தவர்கள் 88 பேர். 2015-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. கண்டிப்பாக ஓய்வெடுத்தவர்களே அதிகமான தொல்லைகளைக் கூறினார்கள். அவை நீங்கவும் அவர்களுக்கு அதிக நாள் ஆயிற்று. பின்னர்க் கனடா நாட்டில் ஒன்பது குழந்தை மருத்துவமனைகளுக்கு வந்த 1,630 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டு நாளுக்கு மேல் பள்ளியைத் தவறவிடாதவர்களையும், அதைவிட அதிகமாக வீட்டில் தங்கியவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில், சீக்கிரம் பள்ளிக்குத் திரும்பியவர்களுக்குப் பதினான்காம் நாளில் தொல்லைகள் குறைவாக இருந்தன. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை.

அடி குறைவாகப் பட்டவர்கள்தாமே சீக்கிரம் திரும்பியிருப்பார்கள் என்று உங்களில் கூர்மையான ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆய்வாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டு, தொடக்கத்தில் இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆயினும் இது விஸ்கான்சின் சோதனையைப் போல் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது அன்று. ஆகவே இதனை அளவோடு நம்பவேண்டும். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அது ஏன் அப்படி? பள்ளிக்கூடம் மருந்தா என்ன? ஒருவகையில் மருந்துதான். இருட்டறையில் படுத்திருக்கும் பிள்ளை என்ன செய்வான்? தன் தலைவலியையே கவனித்துக்கொண்டிருப்பான். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பான். நண்பர்கள் என்ன செய்கிறார்களோ, எத்தனை பாடம் நடந்துவிட்டதோ என்று கவலைப்படுவான். கவலையும் உறக்கக் கேடும் தலைவலியை வளர்க்கும். தலைவலி வளர்ந்தது என்று ஓய்வை நீட்டுவார்கள். இந்தச் சுழலிலிருந்து அவனை வெளியே இழுப்பது அவனுடைய பழைய நாளொழுங்கும் தோழர்களின் முகமுமே. ஆனால் எந்த மருந்தையும் போல இதையும் அளந்து கொடுக்கவேண்டும்.

அளவு எவ்வளவு? 2022-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாடு இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. முதல் ஓரிரு நாள் வீட்டில் சற்று அடங்கியிருத்தல். அதுவும் படுத்த படுக்கையாக அன்று, மெல்ல நடமாடிக்கொண்டு. அந்த இரண்டு நாளும் கைபேசி முதலிய திரைகளைக் குறைக்கவேண்டும். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வாசிக்கத் தொடங்கலாம். அது பொறுத்தால் வீட்டிலேயே கொஞ்சம் பாடம். அதுவும் பொறுத்தால் அரைநாள் பள்ளி, அல்லது நடுவே ஓய்வுகளோடு கூடிய பள்ளி. பின்னர் முழுநாள். மிகப் பலர் பத்து நாளைக்குள் இப்படிகளை ஏறி முடித்துவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் அல்லர். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 2016-ஆம் ஆண்டு வெளியான கனடா ஆய்வொன்றில், ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நான்கு வாரத்துக்குப் பிறகும் தொல்லை இருந்தது.

படி ஏறலாமா, நிற்கலாமா என்று முடிவு செய்வதற்கும் எளிய வழி ஒன்று கூறியிருக்கிறார்கள். தலைவலியைப் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் குறிக்கச் சொல்லவேண்டும். பாடம் படிக்கும்போது அந்த எண் முன்பிருந்ததைவிட இரண்டுக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால், கவலை இல்லை, தொடரலாம். அதற்கு மேல் போனால் நிறுத்தி ஓய்வெடுத்து, அடுத்த முறை குறைவாகச் செய்யவேண்டும். சிறிது வலித்தால் மூளை கெட்டுப்போகும் என்று அஞ்சவேண்டாம் என்பது இதிலுள்ள நல்ல செய்தி. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளையின் சொல்லை நம்பாமல் இதை நடத்த முடியாதல்லவா?

இனி வகுப்புக்குள் வருவோம். நமக்குப் பழகிப்போன பள்ளிக்கூடத்தை, மின்னழுத்தம் குறைந்த அந்த மூளையோடு ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் இருபது நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும். மணி அடிக்கிறது, அது காதில் அடிப்பதில்லை, நெற்றியில் அடிக்கிறது. கரும்பலகையைப் பார்த்து, குனிந்து எழுதி, மீண்டும் நிமிர்ந்து பார்த்து எழுதவேண்டும். நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. தொலைவையும் அருகையும் மாறி மாறிப் பார்க்கும் இந்த வேலை கண்ணுக்கும் மூளைக்கும் பெரிய உழைப்பு. நண்பகலில் நானூறு பேர் கூடி உண்ணும் இடத்தின் இரைச்சல். மாலையில் நெரிசலான பேருந்து. ஒவ்வொன்றும் சிறியது. கூட்டிப் பாருங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவிக்கு எறிபந்து ஆட்டத்தின்போது மற்றொருத்தியோடு மோதித் தலையில் அடிபட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு வகுப்புக்கு வந்தாள். வாசிக்கச் சொன்னால் நன்றாக வாசித்தாள். முடித்ததும், “என்ன படித்தாய், அம்மா?” என்று கேட்டேன். சிறிது நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எழுத்தெல்லாம் தெரிகிறது ஐயா, உள்ளே போகவில்லை” என்றாள். மருத்துவ நூல்களில் இந்நிலையைப் பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து பாடத்தை மெல்ல வாசித்துக்காட்டுவாள். கண்ணால் போகாதது காதால் சிறிது போயிற்று. குறிப்பேட்டை அந்தத் தோழியே எழுதிப் படியெடுத்துக் கொடுத்தாள். நாள்தோறும் இரண்டாம் மணிக்கும் ஐந்தாம் மணிக்கும் பிறகு பத்து நிமிடம், தலைவலி வந்தாலும் வராவிட்டாலும், நூலக அறையில் போய் உட்கார்ந்து வருவாள். வலி வந்தபின் ஓய்வெடுப்பதைவிட, வருமுன் எடுக்கும் ஓய்வு நன்றாகப் பயன்பட்டது. இவற்றில் எதற்கும் பள்ளிக்கு ஒரு காசும் செலவாகவில்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு. வெளிச்சம் கண்ணில் அடிக்காத இடத்தில் அமர்த்தலாம். வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து விலக்களிக்கலாம். தேர்வுக்கு அதிக நேரம் தரலாம். ஒரே நாளில் இரண்டு தேர்வு வைக்காதிருக்கலாம். இவையெல்லாம் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படும். சங்கடம் வருவது தவறிய பாடங்களில்தான்.

“இப்போது எழுதவேண்டாம், உடம்பு தேறியபின் எல்லாவற்றையும் எழுதிக் கொடு” என்று அன்போடு சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அந்த அன்பில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. கணக்கில் பத்துப் பயிற்சி, ஆங்கிலத்தில் நான்கு கட்டுரை, வரலாற்றில் மூன்று பாடம், அறிவியலில் இரண்டு படம் என்று ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தள்ளிவைக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் மெல்லத் தேறிவரும் மாணவன் திரும்பிப் பார்த்தால், கடன் வட்டியும் முதலுமாக வாசலில் நிற்கிறது. இரவெல்லாம் விழித்து எழுதுகிறான். தலைவலி திரும்பி வருகிறது. தள்ளிவைப்பதைவிடத் தள்ளுபடி செய்வதே இங்குத் தக்கது. பத்துக் கணக்கில் முறையைக் காட்டும் இரண்டைச் செய்தால் போதும், எட்டை அடித்துவிடலாம். எதை விட்டால் அடுத்த பாடம் விளங்காதோ அதை மட்டும் கற்பித்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். மதிப்பெண் பதிவேட்டில் கட்டங்கள் காலியாக இருப்பது நம்மில் பலருக்குப் பொறுக்காது என்பதை அறிவேன். பதிவேடு பொறுத்துக்கொள்ளும்.

மாணவர்களாகிய உங்களுக்கென்று ஒரு பங்கு உண்டு. அடிபட்டுத் திரும்பியவன் காலையில் உங்களோடு சிரித்துப் பேசுவான். பதினொரு மணிக்கு வேதியியல் வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போக அனுமதி கேட்பான். “நடிக்கிறான்” என்ற சொல் அப்போது எளிதாக வாயில் வந்துவிடும். காலையில் அவனிடம் இருந்த ஆற்றலை அவன் பதினொரு மணிக்குள் செலவிட்டுவிட்டான் என்பதே உண்மை. மாதத் தொடக்கத்தில் கையில் பணம் இருப்பவன் மாதக் கடைசியில் இல்லை என்றால் அவனை நடிகன் என்று சொல்லுகிறோமா? அவன் எளிதில் சினங்கொள்வான். சிறிய சொல்லுக்குக் கண்கலங்குவான். அதுவும் அடியின் விளைவாக இருக்கக்கூடும். உடன் படிப்பவர்கள் நம்பவில்லை என்று கண்டுகொண்ட பிள்ளை என்ன செய்கிறான் தெரியுமா? வலியை மறைக்கத் தொடங்குகிறான். அதன் பிறகு மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் தாய்க்கும் ஒன்றும் தெரிய வழியில்லை.

வலியை மறைப்பது விளையாட்டுக் களத்தில் மேலும் கொடியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேப்பிள் வேலி என்ற ஊரில், 2006-ஆம் ஆண்டு, 13 வயதுச் சிறுவன் ஸாக்கரி லைஸ்டெட் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டான். சிறிது நேரம் வெளியே அமர்ந்திருந்துவிட்டு, அதே ஆட்டத்தின் பிற்பகுதியில் மீண்டும் களத்தில் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். மீண்டும் ஒரு சொல் பேச அவனுக்குப் பல மாதங்கள் ஆயின. 2009-ஆம் ஆண்டு அம்மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி என்று ஐயம் தோன்றினாலே ஆட்டக்காரனை வெளியேற்றவேண்டும். உரிமம் பெற்ற மருத்துவ வல்லுநர் எழுத்தால் ஒப்புதல் தரும்வரை அவன் திரும்பக் கூடாது. 2014-ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. ஒன்று கவனிக்கத் தக்கது. அச்சட்டங்களில் பெரும்பாலானவை அவன் ஆடுகளத்துக்குத் திரும்புவதைப் பற்றியே கவலைப்பட்டன. வகுப்புக்குத் திரும்புவதைப் பற்றிய எண்ணம் பிறகே வந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவது மாடியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுவதாலும், இருசக்கர வண்டி விபத்துக்களாலும்தான் மிகுதி. கபடியும் கிரிக்கெட்டும் தம் பங்கைச் செலுத்துகின்றன. எப்படி அடிபட்டாலும் வரிசை ஒன்றே. முழுநாள் பள்ளி முதலில். முழு விளையாட்டு அதற்குப் பிறகு. நடை, மெல்லோட்டம் முதலிய இலேசான பயிற்சிகளை மட்டும் படிப்போடு கூடவே தொடங்கலாம். தலை மோதக்கூடிய ஆட்டங்களுக்கு ஆறு படிகள் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழுநாள் ஆகவேண்டும். வகுப்பில் முழுநாள் உட்கார்ந்து பாடம் கேட்டும் தொல்லையில்லை என்று ஆன பிறகு, மருத்துவரின் ஒப்புதலும் கைக்கு வந்த பிறகுதான், மற்றவர்களோடு மோதி ஆடும் பயிற்சிக்கு உடற்பயிற்சி ஆசிரியர் அவனை அழைக்கவேண்டும். மண்டலப் போட்டி அடுத்த வாரம் என்றாலும், அணியில் அவன்தான் சிறந்த ஆட்டக்காரன் என்றாலும், அந்த ஒப்புதல் தாளைக் கேட்காமல் அழைக்கக் கூடாது. ஆசிரியர் மறந்துவிட்டால் அணித் தலைவன் கேட்கலாம்.